மண் நிறச் சட்டை

செவ்வாய், இரவு

ஏரிக்கரையில் ஆட்காட்டிக் குருவியின் நான்கு முட்டைகளும் போய்விட்டன. காரணம் நான்தான்.

முட்டைகளைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கும்போது குருவி என்னைக் கண்டு கத்தாமல் இருப்பதற்காக, தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து அப்பா கொண்டுவந்த கழிவுத் துண்டுகளைப் பழைய சட்டையில் தைத்துப் போட்டுக்கொண்டேன். மண்ணின் நிறம் அப்படியே பொருந்தியது.

"நாத்தம் ஜாஸ்திடி, நாய்ங்க வுடாது," என்றாள் என் தோழி ஷபானா.

"குருவிக்கு மோப்பம் கம்மி. படிச்சிருக்கேன்," என்றேன்.

முட்டைகளுக்குப் பக்கத்தில் மண்ணோடு மண்ணாகப் படுத்துக்கொண்டேன். குருவி கத்தவேயில்லை. ஆனால் தோல் நாற்றத்துக்கு மூன்று தெருநாய்கள் என் பின்னாலேயே வந்துவிட்டன. கல்லோடு கல்லாகக் கிடந்த முட்டைகளை இத்தனை நாள் எந்த நாயும் கண்டதில்லை. நான் எழுந்து விரட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அங்கேயே குப்புறக் கிடந்து அழுதேன். கொஞ்ச நேரத்தில் குருவி திரும்பி வந்தது. இரண்டடி தூரத்தில் நான் இருப்பது தெரியாமல், வெறும் மண்ணில் அடைகாக்க உட்கார்ந்தது.