கடன் வாங்கத் தெரியாத ஐலி

ஹான்காக், மிஷிகன்
6 ஏப்ரல் 2004

அன்புள்ள தம்பி ஊர்ஹோவுக்கு,

அண்ணி ஐலி எழுதுகிறேன். பதினான்கு வருடம் ஆகிவிட்டதால் கையெழுத்தை வைத்து நீ கண்டுபிடிப்பாய் என்ற நம்பிக்கை இல்லை. அதனால் பெயரை முதலிலேயே போட்டுவிட்டேன்.

உன் அண்ணன் அடக்கத்துக்கு வந்ததற்கு நன்றி. தேவாலயத்தின் கடைசி வரிசையில் நின்றாய், காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டாய். ரெய்னோ இருந்திருந்தால் அதற்கும் ஏதாவது சொல்லியிருப்பார்.

பிப்ரவரி முழுக்க அழுதேன். மார்ச்சில் அதற்கு நேரமில்லாமல் போயிற்று. வீட்டுச் சொந்தக்காரர் டெர்வோ வீட்டை விற்கப்போகிறார். முப்பத்துநான்கு வருடம் வாடகை கொடுத்த மரியாதைக்கு அடுத்த வருடம் ஜூன் வரை எனக்காகப் பொறுப்பாராம். அதற்குள் வங்கிக் கடன் கிடைத்தால் வீடு எனக்கு. கிடைக்காவிட்டால் சிகாகோக்காரர் ஒருவருக்கு, கோடையில் பத்து நாள் வந்து தங்க.

வங்கியில் மார்லா என்று ஒரு பெண். நான் ஓட்டும் பள்ளிப் பேருந்தில் பன்னிரண்டு வருடம் ஏறி இறங்கியவள். கணினியைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"உங்க பேர்ல ஒண்ணுமே இல்லையே, ஐலிம்மா."

"கடன் இல்லேன்னா நல்லதுதானேடி?"

"கடன் மட்டும் இல்லன்னா பரவாயில்ல. நீங்களே இல்ல. வாடகை, கரண்ட், கார் எல்லாமே அவர் பேர்ல. திவாலானவங்களுக்குக்கூட ஒரு மார்க் வரும். உங்களுக்கு அதுவும் வரல."

ஆக, யாருக்கும் கடன் வைக்காத குற்றத்துக்காக எனக்குக் கடன் கிடையாது. நம் குடும்பத்தில் திவாலாகி மறுபடி எழுந்தவன் நீ ஒருவன்தான். அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன். தப்பாக நினைக்காதே, எனக்கு வேறு நிபுணரைத் தெரியாது.

அன்புடன்,
ஐலி

*

ஹ்யூரான் ஏரியில், கப்பல் சமையலறை
23 ஏப்ரல் 2004

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் டெட்ராய்ட் ஆற்றில் தபால் படகிலிருந்து வாளியில் ஏறி வந்தது. ஹான்காக் முத்திரையோடு எனக்குத் தபால் வந்ததைப் பார்த்து மாலுமிகள் யாரோ செத்துவிட்டார்கள் என்று தொப்பியைக் கழற்றினார்கள். செத்தது பிப்ரவரியிலேயே என்று சொல்லி மாட்டிக்கொள்ளச் சொன்னேன்.

என்னை நிபுணர் என்று அழைத்ததற்கு நன்றி. இந்தப் பட்டத்துக்கு ஒரு லாரி செலவாயிற்று.

செய்ய வேண்டியது இதுதான். மார்லாவிடம் முந்நூறு டாலர் கொடுங்கள். வங்கி அதைப் பூட்டி வைத்துக்கொண்டு, முந்நூறு டாலர் வரை செலவழிக்க ஒரு கிரெடிட் கார்டு கொடுக்கும். அதாவது உங்கள் பணத்தை ஈடாக வைத்து உங்கள் பணத்தளவுக்கே கடன் வாங்கி, நீங்கள் நாணயமானவர் என்று நிரூபிக்க வேண்டும். சிரிக்காதீர்கள், நானும் இப்படித்தான் தொடங்கினேன். மாதம் இருபது முப்பது டாலருக்கு ஏதாவது வாங்குங்கள். பில் வந்ததும் முழுசாகக் கட்டுங்கள், ஒரு நாள்கூடத் தாமதிக்காமல். ஆறு மாதத்தில் உங்களுக்கு ஒரு மதிப்பெண் பிறக்கும்.

என்னிடம் கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதே, அந்த வரியை மறுபடி மறுபடி படித்தேன். அடுப்பில் பட்டாணி சூப் இருக்கிறது. அதைப் பார்க்கப் போகிறேன்.

ஊர்ஹோ

*

ஹான்காக்
12 ஜூலை 2004

அன்புள்ள தம்பிக்கு,

நீ சொன்னபடியே செய்கிறேன். மே மாதம் காப்பித்தூளும் ஏலக்காயும் வாங்கினேன், இருபத்திரண்டு டாலர். பில் வந்ததும் இருபத்தைந்துக்கு காசோலை எழுதி அனுப்பினேன். மறுவாரம் வங்கி மூன்று டாலரைத் திருப்பி அனுப்பிவிட்டது. நான் மறுபடி அவர்களுக்கே அனுப்பினேன். மார்லா போன் செய்தாள்.

"ஐலிம்மா, எதுக்குக் கூடக் கூடக் கட்டறீங்க?"

"பக்கத்து வீட்டுல வாங்கின பாத்திரத்த வெறுசா திருப்பிக் குடுப்பாங்களா? உங்க அம்மா உனக்கு என்னதான் சொல்லிக் குடுத்தா?"

"எங்க அம்மா ரொட்டி வெச்சுக் குடுப்பாங்க. ஆனா இது வங்கி. மூணு டாலர வெச்சுக்க எங்க படிவத்துல கட்டம் கெடையாது."

எனவே மூன்று டாலரை வாங்கிக்கொண்டேன். ஜூன் பில்லைச் சரியாகக் கட்டினேன், ஆனால் காசோலையோடு, அந்த ஏலக்காயைப் போட்டுச் சுட்ட ஒரு நிசு இனிப்பு ரொட்டியைக் கொண்டுபோய்க் கவுண்டரில் வைத்தேன். அதைத் திருப்பி அனுப்ப அவர்களிடம் கட்டம் இல்லை போலிருக்கிறது. தின்றுவிட்டார்கள்.

உன் உதவியை மறக்கமாட்டேன். ஐம்பத்தாறு வயதில் என் பெயருக்கு முதல்முறையாகத் தபால் வருகிறது. இத்தனை நாளும் "திருமதி ரெய்னோ கோஸ்கெலா" என்றுதான் வரும்.

ஐலி

*

சுப்பீரியர் ஏரியில்
2 ஆகஸ்ட் 2004

அன்புள்ள அண்ணிக்கு,

ரொட்டி விஷயத்தை மாலுமிகளுக்கு வாசித்துக் காட்டினேன். தலைமை எஞ்சினியர் தன் வீட்டுக் கடனையே அந்த வழியில் அடைக்க முடியுமா என்று விசாரிக்கச் சொல்கிறார். எத்தனை ரொட்டி என்று கணக்குப் போட்டோம். முடியாது.

தொடருங்கள். நவம்பரில் மதிப்பெண்ணைச் சொல்லுங்கள்.

ஊர்ஹோ

*

ஹான்காக்
19 நவம்பர் 2004

அன்புள்ள தம்பிக்கு,

எண் வந்தது. அறுநூற்று எழுபத்தொன்று. எண்ணூற்றைம்பதுக்கு அது என்று மார்லா சொன்னாள். பள்ளியில் எனக்கு இவ்வளவு வந்ததே இல்லை. அந்த மகிழ்ச்சியில் ஒரு காரியம் செய்துவிட்டேன். நேரே கவுண்டருக்குப் போய், கார்டைத் துடைத்து, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துக் கணக்கை மூடிவிட்டேன். முந்நூறு டாலரையும் வாங்கிக்கொண்டேன். வேலை முடிந்ததும் பொருளைத் திருப்பித் தருவதுதானே முறை? மார்லா அன்று விடுப்பு. மறுநாள் வந்தவள் கணினியைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தாள்.

"மூடிட்டீங்களா?"

"சுத்தமா. ஒரு சென்ட் பாக்கி இல்ல."

"ஐலிம்மா, நடப்புல ஒரு கணக்காவது இருந்தாத்தான் வீட்டுக் கடனுக்கு உங்க பேப்பர மேல அனுப்பவே முடியும். இப்ப நீங்க கடன் வாங்கி, அடைச்சு, ஓடிப்போன மாதிரி இருக்கு."

புதிதாகத் தொடங்கினால் ஜூனுக்குள் ஆறு மாதம்தான் வரும், அது போதுமா என்று அவளுக்கே தெரியவில்லை. சிகாகோக்காரர் போன சனிக்கிழமை வந்து ஜன்னல்களை அளந்துகொண்டு போனார்.

இனி உன்னிடம் யோசனை கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதற்கான காரணத்தை எழுதத்தான் இந்தக் கடிதம். தொண்ணூறாம் வருடம் நீ லாரிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்டு வந்தாயே. ரெய்னோ போடத்தான் இருந்தார். பேனா தேடிச் சமையலறைக்கு வந்தவரிடம் நான்தான் சொன்னேன்: "நம்ம பேர அவன் பேர் பக்கத்துல போடாதீங்க." அவர் வெளியே வந்து அதைத் தன் வார்த்தையாக உன்னிடம் சொன்னார். நீ அவரோடு பேச்சை விட்டாய். சாகும்வரை அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு நீ பதில் எழுதாவிட்டாலும் இதுவரை செய்ததற்கு நன்றி உண்டு.

ஐலி

*

மிஷிகன் ஏரியில்
14 டிசம்பர் 2004

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று சூப்பில் இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன். "ஏண்டா, ஏரியில போற நம்மள எப்படா கடலுக்குக் கூட்டிட்டு வந்த?" என்று கேப்டன் கேட்டார்.

பதினான்கு வருடம் தப்பான ஆள்மீது கோபமாக இருந்திருக்கிறேன். அந்த ஆளிடம் சொல்ல இனி வழியில்லை. கோபத்தை உங்கள்மீது மாற்றலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். ஒட்டவில்லை. அந்த லாரி எட்டே மாதத்தில் ஜப்தியானது. அண்ணன் கையெழுத்துப் போட்டிருந்தால் உங்கள் இரண்டு பேரையும் சேர்த்து முழுக வைத்திருப்பேன். நீங்கள் என்னைச் சரியாகத்தான் கணக்குப் போட்டிருந்தீர்கள். எனவே நன்றி, கொஞ்சம் தாமதமாக.

இப்போது கவனியுங்கள். என்னிடம் ஒரு கார்டு இருக்கிறது. திவாலான பிறகு இருநூறு டாலர் கட்டி வாங்கியது. பதினொரு வருடமாக ஒரு நாள் தவறாமல் கட்டியிருக்கிறேன். போன வாரம் துறைமுகத்திலிருந்து போன் செய்து அதில் உங்கள் பெயரைச் சேர்த்துவிட்டேன். அந்தப் பதினொரு வருடமும் இனி உங்கள் பெயரிலும் தெரியும். இது சட்டப்படி சரிதானா என்று இரண்டு தரம் கேட்டேன், சரிதானாம். இந்த நாட்டில் கடன் தவிர எல்லாமே சுலபமாகக் கைமாறும் என்று நினைத்திருந்தேன். கடனின் நல்ல பெயரும் கைமாறும் போலிருக்கிறது.

உங்கள் பெயர் போட்ட கார்டு தபாலில் வரும். உபயோகிக்க வேண்டாம். துடைக்க வேண்டாம். தயவுசெய்து யாரிடமும் திருப்பிக் கொடுக்க வேண்டாம். உங்கள் முந்நூறு டாலர் கணக்கையும் இன்றே மறுபடி திறங்கள்.

ஊர்ஹோ

*

ஹான்காக்
27 மே 2005

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று கையெழுத்துப் போட்டேன், நாற்பத்தொரு இடத்தில். வீடு என் பெயரில். டெர்வோ சாவிகளைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்தச் சாவிகள் முப்பத்தைந்து வருடமாக என்னிடமும் இருக்கின்றன, ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

கடைசி வாரம் ஒரு சிக்கல் வந்தது. அந்தப் பதினொரு வருடக் கார்டு யாருடையது என்று மேலிடத்தில் கேட்டு, ஒரு விளக்கக் கடிதம் எழுதச் சொன்னார்கள். நான் எழுதிக் கொடுத்ததை உனக்கும் நகல் எடுத்து வைத்தேன். இதோ:

"வங்கி அதிகாரிக்கு. அந்தக் கார்டு என்னுடையது அல்ல. அதில் நான் ஒரு சென்ட்கூடச் செலவழித்ததும் இல்லை, கட்டியதும் இல்லை. அது என் கணவரின் தம்பி ஊர்ஹோ கோஸ்கெலாவுடையது. ஒருமுறை அவருக்கு எங்கள் பெயர் தேவைப்பட்டபோது, கொடுக்க வேண்டாம் என்று சொன்னவள் நான். எனக்குத் தேவைப்பட்டபோது அவர் தன் பெயரைக் கொடுத்தார். இதை எத்தனை மதிப்பெண்ணாகக் கணக்கிடுவது என்பதை உங்கள் முடிவுக்கே விடுகிறேன். என் சொந்தக் கணக்கு தனியே இருக்கிறது, அது சிறியது, ஆனால் சுத்தமானது. ஐலி கோஸ்கெலா."

மார்லா அதை வாசித்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டே மேலே அனுப்பினாள். கொஞ்சம் குறைத்துக்கொண்டு ஏற்றுக்கொண்டார்கள்.

அதோடு ஒரு படிவமும் இருந்தது. "கார்டுக்குச் சொந்தக்காரர் உங்களோடு அதே முகவரியில் வசிக்கிறாரா?" என்று ஒரு கேள்வி. குளிர்காலத்தில் கப்பலைக் கட்டிப்போட்டதும் நீ துறைமுகத்து விடுதியில் அறை எடுத்துத் தங்குவதாக உன் பழைய கூட்டாளி ஒருவர் சொன்னார். அதனால் இப்படி எழுதினேன்: "ஆம். வரும் ஜனவரி முதல், ஏரி உறைந்திருக்கும் மாதங்களில் மட்டும்."

"இது நெஜந்தானே ஐலிம்மா?" என்றாள் மார்லா. "வங்கிகிட்டப் பொய் எழுதிக் குடுத்தா ஜெயிலு."

"நெஜந்தான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மேல் அறையில் கட்டில் போட்டாயிற்று. என்னை ஜெயிலுக்கு அனுப்புவதும் அனுப்பாததும் இனி உன் கையில்.

உன் அண்ணி,
ஐலி