தெருமுனையில் உன் வண்டிச் சத்தம்

கூப்பிட்டால் "இன்னா குட்டி" என்று திரும்பிப் பார்க்கும் என் சாமு அண்ணாவுக்கு,

உன் ஜாவா பைக் ஓடுகிறது. இதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஓட்டுவது நான்தான். சிரிக்காதே.

களம்பூர் ரைஸ் மில்லிலிருந்து நீ திரும்பி வந்த அந்த மழை நாளில், விளக்கில்லாமல் நின்ற நெல் வண்டியில் மோதினாய். உன்னைப் புதைத்த மறுநாள் ஜாவாவை மாட்டு வண்டியில் ஏற்றி வந்து நம் பின்கட்டில் இறக்கினார்கள். பெற்ற மகனுக்கு மண் போட்டுவிட்டு வந்திருந்த நைனா, அதன்மேல் ஒரு சாக்கைப் போர்த்தினார். மழைக்காலங்கள் வந்து போயின, அது அப்படியே கிடந்தது. துணி காயப்போடப் போகும்போதெல்லாம் சாக்குக்குள் யாரோ குனிந்து உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டே கொடியில் துணி போடுவேன்.

எனக்கு நர்ஸ் வேலை கிடைத்தது உனக்குத் தெரியாது இல்லையா? பஸ் வராத ஊர்களுக்குப் போய்ப் பிரசவம் பார்க்கிறேன். ஒரு தடவை நான் நடந்து போய்ச் சேர்வதற்குள் ஒரு பிள்ளை பிறந்து, அழாமலே போய்விட்டது. அந்தத் தாய் என்னைத் திட்டவில்லை. "நடந்தேவாம்மா வந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள். அன்று வீட்டுக்கு வந்ததும் சாக்கை இழுத்துப் போட்டேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் மெக்கானிக் கடை வைத்திருக்கும் உன் சிநேகிதர் பாஷா பாயைக் கூப்பிட்டேன். பின்கட்டுப் படி வரை வந்தவர், வண்டியைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார்.

"வேற வண்டின்னா ஜல்தியா முடிச்சுக் குடுத்துடுவேம்மா. இதுல கை வைக்க முடியல. பின்னால அவன் நின்னுகினு பேசற மாதிரியே கீது."

"அப்ப நானே செய்யறேன் பாய். நீங்க வாயால சொல்லுங்க."

"உனக்கு இன்னாத்துக்கும்மா இந்தப் பேஜாரு?"

கேட்டாரே தவிர, ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சர்ச்சு விட்டு வரும் நேரம் பார்த்து அவரும் வந்துவிடுவார். படியில் உட்கார்ந்தபடி சொல்லுவார், நான் கழற்றுவேன். கழற்றியதைத் திருப்பி மாட்டத் தெரியாமல் திருதிருவென்று விழிப்பேன். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் காய்ந்து பிசினாக ஒட்டியிருந்தது. ஸ்டார்ட் செய்ய உதைக்கிற கம்பியையே மடக்கிவிட்டால் அதுதான் கியர் என்பதுகூடத் தெரியாமல், கியர் கம்பி எங்கே என்று வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். நொறுங்கிப்போன முன்சக்கரத்துக்கு மட்டும் பாய் வேலூரிலிருந்து வேறொன்று வாங்கி வந்தார்.

அப்புறம் வண்டியை எனக்கு ஏற்றபடி மாற்றினேன். உன் உயரம் எனக்கு ஏது? சீட்டைப் பிரித்து உள்ளே வெட்டித் தாழ்த்தினேன். ஹேண்டில்பார் என் பக்கம் வளைந்தது. சேலை சிக்காமல் இருக்கச் சக்கரத்துக்கு ஒரு தடுப்பு, மருந்துப் பெட்டிக்கு ஒரு கேரியர். டேங்கின் இரண்டு பக்கமும் உன் முழங்கால் உரசி உரசிப் பெயிண்ட் போயிருந்தது. புதுப் பெயிண்ட் அடித்தபோது அந்த இடங்களை மட்டும் விட்டுவிட்டு அடித்தேன். என் முழங்கால் அங்கே படுவதே இல்லை.

வண்டி முதல் முறை மில் வாசலைத் தாண்டியபோது உன்னோடு வேலை பார்த்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். சேலையைப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்தார்கள். அதையாவது தாங்கிக்கொண்டேன். நைனாவைத்தான் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் நான் வந்து இறங்கும்போது அவர் தறியை விட்டு எழுந்து வந்து, வாசல் நிலையைப் பிடித்தபடி நிற்பார். என்னைப் பார்ப்பார். எனக்குப் பின்னாலும் பார்ப்பார். பிறகு போய், மிதிகட்டை இருக்கும் தறிக்குழிக்குள் காலை இறக்குவார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை அண்ணா, தினமும்.

காரணம் உன் சைலன்சர்தான். உள்ளே இருந்த குழாய்களை நீ உருவிப் போட்டிருந்தாய். அதனால் ஊரில் வேறெந்த ஜாவாவுக்கும் அந்தச் சத்தம் கிடையாது. பாயிடம் கேட்டு இரண்டு குழாய்கள் வாங்கி உள்ளே செருகினேன். வண்டி தையல் மிஷின் மாதிரி அடங்கிப் போனது. அன்று நைனா எழுந்து வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அப்பாடா என்று இருந்தது. அந்த வாரத்திலேயே ஒரு சாயங்காலம் தறியில் உட்கார்ந்தபடியே கேட்டார்.

"வண்டி சத்தம் எங்கம்மா போச்சு?"

"அடைச்சுட்டேன் நைனா. தெனம் நீங்க எழுந்து வந்து ஏமாந்து போறீங்க. என்னால பாக்க முடியல."

தறிப் பாவில் அறுந்த இழையை முடிந்துகொண்டே சொன்னார்.

"நான் ஏமாறல எஸ்தரு. அவனுக்கு மண்ணு போட்டவன் நான், எனக்குத் தெரியாதா? ஆனா தறிக்குழியிலேர்ந்து காலை எடுத்து வாசலுக்கு வர்ற வரைக்கும் அவன் வந்துகினு இருக்கான் இல்ல? அதை எதுக்கும்மா எடுத்துட்ட?"

ஸ்பானரை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய் அந்தக் குழாய்களை உருவி எறிந்தேன். அழுகையில் திருகாணி கண்ணுக்குத் தெரியவில்லை, கையால் தடவித் தடவித்தான் கழற்றினேன்.

இப்போது தெருமுனையில் திரும்பும்போதே, உள்ளே நைனா எழுந்துகொண்டிருப்பார் என்று தெரியும். அந்தக் கொஞ்ச நேரம் இந்த சீட்டில் உட்கார்ந்து வருவது நான்தானா? கண்ணாடியில் பார்க்கப் பயந்துகொண்டு நேராகவே பார்த்து ஓட்டுகிறேன்.

ஒன்று மட்டும் உறுதி சொல்கிறேன் அண்ணா. இந்தச் சத்தத்தை இனி அடைக்க மாட்டேன். நைனாவுக்கும் வயதாகிக்கொண்டுதான் வருகிறது. தறிக்குழியிலிருந்து காலை எடுக்கவே நேரமாகிற காலம் வரும். அப்போது தெருமுனையிலேயே வேகத்தைக் குறைத்துவிடுவேன். அவர் வாசலுக்கு வந்து சேரும் வரை நீ வந்துகொண்டே இரு.

உன் தங்கச்சி,
எஸ்தர்