சந்தேகாபுராவில் எங்கள் ஹெரால்டு

ஏப்ரல் 11, சனி. காலையிலேயே கொதிக்கிறது. ஃபேன் ஐந்தில்.

ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவிப்பது என்னவென்றால், நெடுநாள் படுக்கையிலிருந்த எங்கள் டிவி ரிமோட்டின் வால்யூம் பொத்தான் இன்று காபி வேளையில் உள்ளே விழுந்து தன் பணியை முடித்துக்கொண்டது. இறுதி மரியாதையாக செலோ டேப் ஒட்டினேன். இனி செய்தி வாசிப்பவர்கள் எல்லாரும் ஒரே சத்தத்தில்தான் வாசிப்பார்கள். அப்பாவும் அப்படித்தான்.

அப்பாவின் சத்தத்துக்குக் காரணம் வேறு. "செவ்வாய்க்கிழமை லிப்டுக்கு விரதம். படியேறவும். இப்படிக்கு நிர்வாகம்" என்று தமிழிலும் கன்னடத்திலும் தாள் ஒட்டியது நான்தான் என்று தெரிந்துவிட்டது. யாரும் நம்ப மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். எங்கள் அபார்ட்மென்ட் அசோசியேஷன் செயலாளர் நாலாவது மாடி வரை ஏறியிருக்கிறார். ஏறி முடித்த பிறகுதான் நிர்வாகம் என்பதே தான்தான் என்று அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது.

தண்டனை: பத்தாவது ரிசல்ட் வரும்வரை தினமும் சேகர் மாமாவோடு சந்தாபுரா. மாமா அம்மாவின் தம்பி. அங்கே பழைய கார்களை ஆணி ஆணியாகப் பிரித்து, துரு எடுத்து, பிறந்த கோலத்துக்குக் கொண்டுவருகிற ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். எங்கள் ஹெரால்டு காரும் இப்போது அங்கேதான். தாத்தா விதான சௌதாவுக்கு ஆபீஸ் போன வண்டி. அவருக்குப் பிறகு அவருடைய ஆஸ்டின் டவுன் வீட்டுப் பின்னால் தார்ப்பாய்க்குள் கிடந்தது. அம்மா சிபாரிசு செய்துதான் மாமாவிடம் கொடுத்தார்கள்.

அப்பா என்னை பால்கனிக்கு அழைத்துப் போய் மெதுவான குரலில்:

"கண்ண தொறந்து வெச்சுக்க. ஒரிஜினல் பார்ட்ட கழட்டிட்டு டூப்ளிகேட் போடறதுதான் இந்த லைன்ல பாதி பேருக்கு பொழப்பு."

"மாமாவுமா?"

"நான் அப்படி சொல்லல. நீ பாரு. ஏதாவது கோளாறுன்னா அன்னிக்கே வண்டிய டோ பண்ணிட்டு வந்துடுவேன். அதோட உங்க மாமா வீட்டுக்கும் நமக்கும் ஒண்ணும் இல்ல."

உள்ளே அம்மா பாத்திரம் அடுக்கும் சத்தம் நின்றது. கேட்டிருக்கும். ஆக, நான் இப்போது அப்பாவின் உளவுத்துறை. தலைமையகம், கிளை, காவலர் எல்லாம் நானே.

ஏப்ரல் 13, திங்கள். வெயில். ஓசூர் ரோட்டில் லாரிகள்.

சந்தாபுரா இல்லை, சந்தேகாபுரா.

உள்ளே போனதும் எங்கள் ஹெரால்டு முழுசாக நிற்கிறது. வெளியே பெயிண்ட் ஒரு துளி இல்லை, வெறும் தகரம், வெள்ளிப் பாத்திரம் மாதிரி. கதவு, பானட், டிக்கி எல்லாம் மாட்டியிருக்கிறது. கதவைச் சாத்தினால் டப். வீட்டு பீரோகூட அப்படிச் சாத்தாது. உண்மையிலேயே அழகு. ஒற்றன் ரசிக்கக் கூடாது.

பக்கத்திலேயே இன்னொரு ஹெரால்டு. அதே மாடல், அதே தகரக் கோலம். யாரோ ஒயிட்ஃபீல்டு கஸ்டமருடையதாம். பெரிய பார்ட்டியாம். ஒரே மாதிரி இரண்டு வண்டி ஏன் பக்கத்தில் பக்கத்தில்?

பெயிண்டர் அன்வர் பாய். பிரேசர் டவுனிலிருந்து ஸ்கூட்டரில் வருகிறார். பெயிண்ட் அடிக்கும் கண்ணாடி ரூமுக்குள் நான் கால் வைத்ததும் என் தலையைப் பிடித்து மோந்து பார்த்தார். சத்தியமாக.

"க்யா போட்டிருக்க தலைல?"

"தேங்கா எண்ணெய், பாய்."

"வெளிய போ ராஜா. எண்ண, செண்ட்டு, எதுவும் எங்க ரூம்ல நை."

அவர் தலையே சாணித்தாள் மாதிரி வறண்டு கிடக்கிறது. எண்ணெய்க்கும் காருக்கும் என்ன சம்பந்தம்? என்னை உள்ளே விடக் கூடாது, அதற்கொரு சாக்கு.

குறிப்புகள்:
– பம்பரைக் காணோம். கேட்டால் "பிளேட்டிங் போயிருக்கு". பம்பர் என்ன கோவாவா போகும்?
– அ.பா. (அன்வர் பாய்) போனில் உருதுவில் சிரித்தார். என்னைப் பார்த்துக்கொண்டே.
– மாமா மதிய சாப்பாட்டில் தன் முட்டையை எனக்குக் கொடுத்தார். லஞ்சமா?

ஏப்ரல் 14, செவ்வாய். வருஷப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி, வடை, பாயசம்.

மாமா சாப்பிட வந்தார். அப்பா பரிமாறுகிற சாக்கில் விசாரணை.

"பம்பர் எப்ப வரும் சேகர்?"

"அடுத்த வாரம் மாமா. பழைய பம்பரையே நிமித்தி குரோம் பிளேட்டிங் போடுறோம். புதுசு வாங்குனா பாதி செலவு, ஆனா அது நம்ம பம்பர் இல்லல்ல."

"அதே பம்பர்தான் வரும்னு எப்படி தெரியும்?"

மாமா வடையைக் கீழே வைத்தார். அம்மா நடுவில் புகுந்து, "அவனுக்கு பாயசம் ஊத்துங்க மொதல்ல," என்றாள். அப்பா ஊற்றினார். முந்திரி இல்லாத பக்கமாகப் பார்த்து ஊற்றினார்.

மாமா கிளம்பும்போது அம்மா வாசல் வரை போய் ஏதோ சொன்னாள். மாமா, "விடுக்கா, வண்டி வந்தா சரியாயிடும்," என்றார். அம்மா திரும்பி வந்து என்னைப் பார்த்த பார்வை சரியில்லை. கோபமாக இருந்தால் தேவலை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

ஏப்ரல் 15, புதன். மேகம். மழை இல்லை.

வண்டி இல்லை.

அதாவது இருக்கிறது, துண்டு துண்டாக. முந்தாநாள் டப் என்று சாத்திய கதவு சுவரில் சாய்ந்திருக்கிறது. பானட் பெஞ்சில். டிக்கி கயிற்றில் தொங்குகிறது. ஒயிட்ஃபீல்டு வண்டியும் அதே கதி. வண்டிக்கு இரண்டு கதவு, ஆக நாலும் ஒரே சுவரில் வரிசையாக.

"மாட்டினத ஏன் மாமா கழட்டினீங்க?"

"டைலர் மொதல்ல நூல் ஓட்டி, போட்டுப் பாத்துட்டு, பிரிச்சுத்தானேடா முழுசா தைப்பான்? அது மாதிரி. பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் மாட்டி, சந்து சரியா விழுதான்னு பாப்போம். அப்பறம் மறுபடி பிரிச்சு, தனித்தனியா அடிப்போம். அடிச்சப்புறம் கதவு இடிச்சுதுன்னா போச்சு."

நல்ல கதை. பதில் தயாராக வைத்திருந்த மாதிரி சொன்னார்.

அப்பாவுக்கு போட்டோ அனுப்பினேன். பதில்: "ம்." அப்பா 'ம்' போட்டால் பின்னால் பெரிய மழை.

ஏப்ரல் 18, சனி. புழுக்கம்.

எல்லாப் பகுதிக்கும் சாம்பல் ப்ரைமர் அடித்தாகிவிட்டது. நாலு கதவும் நாலு யானைக் குட்டி. எதை எதோடு மாற்றினாலும் கடவுளுக்கே தெரியாது. இவர்கள் காத்திருந்த தருணம் இதுதான் என்று உளவுத்துறை முடிவுக்கு வந்தது.

எதிர் நடவடிக்கை. அம்மாவின் கூந்தல் சீரம். தண்ணீர் மாதிரி நிறமில்லாதது, ஆனால் மொபைல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் பளபளக்கும். எங்கள் பார்ட் ஒவ்வொன்றிலும் விரல் நுனியால் ரகசியப் பொட்டு. பிறகு எதை மாற்றினாலும் கையும் களவுமாக.

மாமா டீ வாங்கப் போனார், மற்ற வேலையாட்கள் சாப்பாட்டுக்கு. அ.பா. மத்தியானத் தொழுகைக்கு. பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. எந்தப் பார்ட், எந்த மூலை, எல்லாம் மனப்பாடம். எழுதி வைத்தால் மாட்டிக்கொள்வேன், அதனால் மூளையிலேயே பூட்டினேன். என் மூளைக்கு டூப்ளிகேட் சாவி கிடையாது. இந்த வயதில் இப்படி ஒரு திட்டம் யாருக்கு வரும்? கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 19, ஞாயிறு.

"என் சீரம் எங்கடா?"
"ஆம்பளப் பையன்ட்ட கேக்கற கேள்வியாம்மா இது?"

ஏப்ரல் 20, திங்கள். சாயங்காலம் நல்ல மழை.

காலையில் அ.பா. தின்னரில் நனைத்த துணியால் எல்லாவற்றையும் துடைத்தார். ஒரே துணி, எல்லாக் கதவும். என் பொட்டுகள் போயிருக்குமே என்று பதற்றம். பிறகு வெளிர் பச்சை. தாத்தா காலத்து அதே பச்சையாம். டிக்கியின் உள்பக்கம் தேய்க்காமல் விட்ட ஓர் இடத்திலிருந்து பார்த்துக் கலந்தாராம்.

அடித்துக் கொஞ்ச நேரத்தில் கண்ணாடி ரூமுக்குள்ளிருந்து ஒரு சத்தம். திட்டுகூட இல்லை, மூச்சு.

கதவு முழுக்க சின்னச் சின்ன வட்டங்கள். அங்கெல்லாம் பெயிண்ட் ஒட்டாமல் விலகி நிற்கிறது, நடுவில் ப்ரைமர் தெரிகிறது. அம்மை போட்ட மாதிரி. பானட்டிலும்.

இது போதாதா? மட்டமான பெயிண்ட். ஒரிஜினல் என்று பில் போட்டு மலிவு டப்பா. போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன், கூடவே "நான் அப்பவே சொன்னேன்" என்று. (சொல்லவில்லை. இருந்தாலும்.)

வீட்டுக்கு வந்தால் அப்பா போனில், ஸ்பீக்கர் போடாமலே ஆஸ்டின் டவுனுக்கே கேட்கும்படி: "புதன்கிழமை டோ வண்டி வருது சேகர். எங்க வண்டிய எப்படி இருக்கோ அப்படியே ஏத்தி விட்டுடு. பேச்சு வேணாம்."

அம்மா கத்தவில்லை. துணி மடித்துக்கொண்டே, "என் தம்பி திருடன்னா நானும் திருடிதான். அத நெனப்புல வெச்சுக்கிட்டு ஏத்துங்க," என்றாள். சாப்பாடு எல்லாரும் தனித்தனியாக.

ஆப்பரேஷன் வெற்றி. ஏன் வெற்றி மாதிரி இல்லை?

ஏப்ரல் 21, செவ்வாய். தூறல்.

அ.பா. ஒரு கதவைத் தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்து மறுபடி அடித்தார். புது டப்பா, எங்கள் கண் முன்னால் உடைத்தது. மறுபடி அம்மை.

அதைப் பார்த்த மாமா தாழ்ந்த குரலில், "பாய், நாளைக்கு எங்க மாமா வந்து நிப்பாரு. என்ன சொல்றது நான்? எங்க அக்கா மூஞ்சில எப்படி முழிக்கறது?"

"சேகர் பாய், பெயிண்ட ஊதற கம்ப்ரஸர் காத்துல தண்ணி கலக்கல. பெயிண்ட் தப்பு இல்ல. என் கை தப்பு இல்ல. யாரோ சிலிகான் கொண்டாந்திருக்கான் உள்ள."

"யாரு கொண்டாருவா?"

"டேஷ்போர்டு பாலிஷா, டயர் பாலிஷா, பொம்பளைங்க தலைக்கு போடுவாங்களே மினுமினுன்னு, அந்த தண்ணியா, எதுவோ. ஒரு சொட்டு போதும். தின்னர்ல தொடச்சா போகாது, ஊரெல்லாம் பரவும். அதுக்குத்தான் நான் தலைல எண்ணகூட வெக்கறதில்ல. என் வீட்டுக்காரி கேட்டு கேட்டு சலிச்சுட்டா."

அப்புறம் ஒர்க்‌ஷாப்பில் எல்லார் தலையையும் வரிசையாக மோந்தார். என் முறை வந்தது. என் தலையில் வெறும் தேங்காய் எண்ணெய். "நீ சரி, போ," என்றார். அதுதான் தாங்க முடியவில்லை.

மத்தியானம் சாப்பிடவில்லை. மாமா முட்டையைக் கொடுத்தார். எடுத்துக்கொள்ளவில்லை. "ஏன்டா, உடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ஏப்ரல் 22, புதன். வெயில், எதுவும் நடக்காத மாதிரி.

டோ வண்டி பத்தரைக்கே வந்துவிட்டது. அப்பா பின்னால் ஆட்டோவில். மாமா கை கட்டி நின்றார். அப்பா கதவைத் தடவிப் பார்த்தார், விரல் வட்டத்தில் மாட்டி நின்றது.

அப்போது நான் முன்னால் வந்து நிமிர்ந்து நின்று, "யார் மேலயும் தப்பில்ல. தப்பு என்னோடது. வண்டிய ஏத்தாதீங்க," என்று கணீரென்று சொன்னேன். ஒர்க்‌ஷாப்பே அமைதியானது. அப்பா தலைகுனிந்தார்.

திருத்தம். இதை நான் மட்டும்தான் படிக்கப்போகிறேன், எனக்கே எதற்கு டூப்ளிகேட்?

டோ வண்டி ஹார்ன் கேட்டதுமே நான் ஒர்க்‌ஷாப் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டேன். அங்கிருந்து அம்மாவுக்கு மெசேஜ்: "உன் சீரம் நான்தான். கார்ல தடவிட்டேன். அடையாளத்துக்கு. அதனாலதான் பெயிண்ட் ஒட்டல. மாமா பாவம்." இரண்டு நீல டிக். பிறகு வெளியே அப்பாவின் போன் அடித்தது. அம்மா என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. அப்பா "ம்", "ம்", "சரி" மட்டும்தான். கடைசியாக டோ டிரைவரிடம் கன்னடத்தில், "பேடப்பா, நீவு ஹோகி." வேண்டாம், நீங்க போங்க.

மாமா கதவைத் தட்டினார்.

"வெளிய வா. அடிக்க மாட்டேன். எந்தெந்த எடத்துல வெச்சேன்னு சொல்லு, அது போதும்."

வெளியே வந்தேன். அப்பா மாமா பக்கத்தில் நின்றுகொண்டு தரையைப் பார்த்தபடி, "நான்தான் இவன பாக்கச் சொன்னேன் சேகர்," என்றார். மாமா, "பார்ட் மாறிடும்னா பயந்தீங்க? உள்பக்கம் பாருங்க மாமா," என்று கதவைத் திருப்பிக் காட்டினார். ஓரத்தில் உளியால் குத்திய ஒற்றைப் புள்ளி. எங்கள் வண்டிக்கு ஒரு புள்ளி, ஒயிட்ஃபீல்டுக்கு இரண்டு. பிரிக்கும் அன்றே குத்திவிடுவார்களாம். எல்லா வண்டிக்கும்.

அ.பா. என்னைப் பார்த்தார். "சொல்லு ராஜா. எங்க எங்க?"

"இந்தக் கதவு கீழ் மூலை. பானட் நடுவுல. டிக்கி..."

"அப்பறம்?"

அப்பறம் இல்லை. மனப்பாடம் என்று எழுதியது சுத்தப் பொய். மூன்றாவது பொட்டு வைக்கும்போதே மாமாவின் செருப்புச் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. பயத்தில் பாட்டிலில் மிச்சமிருந்ததைக் கையில் கொட்டி, கைக்கு எட்டியதிலெல்லாம் தடவிவிட்டு ஓடினேன்.

"நாலு கதவு இருந்துச்சு," என்றார் மாமா. "நம்மளோடது ரெண்டு, ஒயிட்ஃபீல்டோடது ரெண்டு. நம்மளோடதுல மட்டும்தானே தடவின?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சாம்பல் ப்ரைமரில் நாலும் ஒரே மாதிரி இருந்தது மாமா, எது நம்ம கதவுன்னு எனக்கு அன்னிக்கும் தெரியாது, என்றேன்.