மூன்று நாடு தெரியும் இடம்

ஆஹென்,
07.09.1997

அன்புள்ள அப்பாவுக்கு,

மடு மாதாவின் காவலில் நான் சுகம். நீங்களும் அம்மாவும் என்னில் கோபமாக இருப்பீர்கள் என்று தெரியும். அந்தக் கோபத்தோடாவது இதை வாசியுங்கள்.

கட்டிட வேலையில் பாரம் தூக்கும் கிறேன் ஓட்டுவதற்கு அவுஸ்பில்டுங் கிடைத்திருக்கிறது. மூன்று வருடத் தொழிற்பயிற்சி, சம்பளமும் உண்டு.

பள்ளிக்கூடம் முடித்து இரண்டு வருடம் வீட்டில் இருந்தேன். என்னோடு படித்த யூட்டுக்கு அந்தக் கோடையிலேயே வேலை கிடைத்தது. அவனுக்கும் அகதி விசாதான், புள்ளியும் என்னைவிடக் குறைவு. பிறகேன் எனக்கு மட்டும் இப்படி என்று, கடைசியாக மறுத்த கொம்பனிக்குப் போன் பண்ணிக் கேட்டேன். அந்த மனுசி தயங்கித் தயங்கிச் சொன்னா: "நேர்முகத்தில் கேட்டதற்கெல்லாம் உங்கள் அப்பாதான் பதில் சொன்னார். உங்கள் குரலையே நாங்கள் கேட்கவில்லை."

பிள்ளைக்காகப் பேச ஒரு பெரியவர் கூடப்போவது நமக்கு மரியாதை. இங்கே அப்படியில்லை. வீட்டில் இருக்க இருக்க, "இவ்வளவு காலமும் என்ன செய்தாய்?" என்று கொம்பனிகள் கேட்கிற கேள்வியும் பெரிதாகிக்கொண்டே போகிறது அப்பா. எனக்குப் பயம் வந்துவிட்டது. அதனால்தான் சொல்லாமல் தனியே வந்தேன்.

அன்பு மகள்,
பிறின்சி


ஹனோவர்,
21.09.1997

மகள் பிறின்சிக்கு,

நீ சுகமென்று அறிந்ததில் நிம்மதி. அம்மா உன் கட்டிலை இன்னும் விரித்துத்தான் வைத்திருக்கிறா.

நல்லாயிருக்கு பிள்ளை. பேக்கரியில் லீவு கேட்டு, இருக்கிற ஒரே கோட்டுச் சட்டையை மினுக்கிப் போட்டுக்கொண்டு, கொம்பனி கொம்பனியாக ஏறி இறங்கினவன் நான். இப்போது உனக்குக் குறுக்கே நின்றவனும் நானாம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும், பிழைத்துக்கொள்.

அதுவும் கிறேன். ஒரு பொம்பிளைப் பிள்ளை அந்தரத்தில் ஏறி என்ன செய்வாய்? பூசைக்குப் போனால், "ஞானப்பிரகாசம் அண்ணை, மகள் எங்கை?" என்று சனம் கேட்கிறது. "மேற்படிப்புக்குப் போட்டாள்" எண்டு சொல்லிப்போட்டு நிக்கிறன்.

இனி எனக்கு எழுதாதே. அம்மாவுக்கு எழுது.

ஞானப்பிரகாசம்


ஆஹென்,
16.05.1999

அன்புள்ள அப்பாவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இவ்வளவு காலமும் அம்மாவுக்கு மட்டும்தான் எழுதினேன். இதை உங்களுக்குச் சொல்லாமல் இருக்க ஏலாது.

செவ்வாய்க்கிழமை பெரிய கிறேனில் முதன்முதலாகத் தனியே இருந்தேன். ஏணியில் படியை எண்ணி எண்ணி ஏறினேன். மேலே கதவைச் சாத்தினதும் ஒரு சத்தமும் இல்லை. காற்றுக்கு முழுக் கிறேனும் மெல்ல அசைந்தது. அங்கிருந்து பார்த்தால் ஜேர்மனி, ஒல்லாந்து, பெல்ஜியம் மூன்றும் தெரியும். எது எங்கே முடிகிறது என்று பிரிக்கவே முடியாது. ஒரே காடு, ஒரே பச்சை.

பெல்ஜியத்திலிருந்து பாரவண்டிக்குள் ஒளித்து வந்தபோது, சத்தம் போடாமல் இருக்க என் வாயைப் பொத்தினீர்களே, அந்த எல்லையைத் தேடினேன். காணவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பொறுப்பாளர் வயர்லெஸ்ஸில் கூப்பிட்ட பிறகுதான் நினைவு வந்து, ஒரு கொங்கிறீற் படிக்கட்டைத் தூக்கி நாலாம் மாடியில் பூப்போல வைத்தேன்.

என்றும் உங்கள்,
பிறின்சி


ஹனோவர்,
13.06.1999

என் அன்பு மகள் பிறின்சிக்கு,

அம்மாவுக்கும் சொல்லாமல், போன புதன்கிழமை ஆஹெனுக்கு வந்தேன். ஆட்களிடம் கேட்டுக் கேட்டு உன் வேலைத்தளத்தைக் கண்டுபிடித்தேன்.

அண்ணாந்து பார்த்துக் கழுத்து நொந்தது, பார்வையை எடுக்க மனம் வரவில்லை. அந்தக் கண்ணாடிக் கூட்டுக்குள் ஒரு சிறு தலை. ஒரு முழுச் சுவர் ஆகாயத்தில் போகிறது. கீழே மலைமாதிரியான ஆம்பிளைகள் எல்லாம் ஒதுங்கி நின்று, என் பிள்ளை எங்கே வைப்பாள் என்று பார்க்கிறார்கள். இது நான் பெத்த பிள்ளையோ, கர்த்தரே என்று மேலெல்லாம் சிலிர்த்துப் போனது.

உள்ளே இருந்து ஒருவன் வந்து, "யாரைப் பார்க்க வேண்டும்? உள்ளே வாருங்கள்" என்றான். "அவள் என்ரை மகள், நல்ல பிள்ளை, கவனமாய்ப் பாருங்கோ" என்று நாக்கு நுனிவரை வந்தது. அன்று உன் வாயைப் பொத்தின அதே கையால் என் வாயைப் பொத்திக்கொண்டேன். சும்மா பார்க்க வந்தனான் என்று சொல்லி, வேலிக்கு வெளியிலேயே நின்றேன். வேலை முடியும்வரை நின்றேன்.

லீவுக்கு வீட்டுக்கு வா. அம்மா உனக்குச் சமைக்கக் கணவாய் மீன் வாங்கி வைக்கிறாவாம். வந்திருந்து நீ கதை, நான் கேட்கிறேன்.

உன்,
அப்பா