புகைக்கு ஒரு தனி அறை

மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

வாயாடி எழுதுறேன். வேலை மாறினதுலேருந்து நீ போனையே எடுக்கிறதில்லை. கடுதாசியாவது உன் கையில சேரட்டும்.

சேதி கேளு! எங்க தையல் கூடத்துல இனி யாரும் சிகரெட் பத்த வைக்க முடியாது. மேஸ்திரியே மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு கேட்டுக்கு வெளியில போய் நிக்கிறார். நீ ஆரம்பிச்ச நம்ம இளைஞர் குழுதான் விடாப்பிடியா நின்னு சாதிச்சுது.

அடுத்தது ஹோட்டல், கிளப். பதினெட்டாம் தேதி நகரசபையில பொதுமக்கள் கருத்தைக் கேக்கிறாங்க. நீ வந்து பேசணும். கிளப் சீட்டாட்ட அறையில முப்பது வருஷம் சர்வரா நின்ன அப்பா, ஒரு சிகரெட்டைக்கூட உதட்டுல வச்சதில்லை. இன்னிக்கு ஆக்சிஜன் மெஷின்தான் துணை. அதை உன்னை மாதிரி யாரால சொல்ல முடியும்?

அன்புத் தங்கை,
வாயாடி

மார்ச் 9

என் வாயாடிக்கு,

கோவிச்சுக்காதே. புது ஆபீஸ்ல மூச்சு விட நேரமில்லை. மேஸ்திரி கதையைப் படிச்சு வாய்விட்டுச் சிரிச்சேன். ஆனா எல்லார்கிட்டயும் மல்லுக்கு நிக்காதே. கொஞ்சம் விட்டுக்கொடுத்தாத்தான் காரியம் நடக்கும்.

பதினெட்டாம் தேதி கண்டிப்பா வர்றேன். அப்பாவைப் பத்தியும் பேசுறேன். அவர்கிட்ட இப்போ எதுவும் சொல்லாதே.

உன் அண்ணன்

மார்ச் 20

அண்ணா,

'அன்புள்ள'ன்னு எழுதக் கை வரலை.

உன்னைப் பேசக் கூப்பிட்டப்போ முதல்ல கை தட்டினது நான்தான். "கிளப் முதலாளிகள் சங்கத்தின் சார்பாக"ன்னு நீ ஆரம்பிச்சே. தட்டின கை அப்படியே நின்னுது.

"புகைக்குத் தனி அறை இருந்தா போதும். எங்கப்பா முப்பது வருஷம் அதுலதான் வேலை பார்த்தார், நல்லாத்தான் இருக்கார்"ன்னே. கொஞ்சம்கூட நாக்குக் கூசலை உனக்கு.

அடுத்து நான் எழுந்தேன். "உங்க அண்ணனே இப்படிச் சொல்றாரே?"ன்னு நகரசபைத் தலைவர் கேட்டார். நாலு பேர் முன்னாடி உன்னைப் பொய்யன்னு சொல்ல வாய் வரலை. உட்கார்ந்துட்டேன். அதுக்கு இப்போ வெட்கப்படுறேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா ஆசையா, "உங்கண்ணன் வந்தானாமே, என்ன பேசினான்?"ன்னார். ஒண்ணு விடாம சொன்னேன். மூக்குல இருந்த ஆக்சிஜன் குழாயைச் சரி பண்ணிக்கிட்டார். அப்புறம், "அவன் படிக்கணும்னுதானே அந்த வேலையை விடாம இருந்தேன்"னார்.

முப்பதாம் தேதி மறுபடி கூடுறாங்க. தானே பேசுறதா அப்பா சொல்லிட்டார். கூட்டம் நடக்கிற மாடிக்கு அவரை நாற்காலியோட தூக்கிட்டுப் போகப் போறோம். நம்ம குழுப் பசங்க நாலு பேர் தயாரா இருக்காங்க.

நீ வந்து கை கொடுக்க வேண்டாம்.

அப்பாவோட மகள்