வெறும் வெள்ளைப் பக்கம்

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

அப்பாவோட மூச்சிரைப்பு இப்ப தேவலையா? உன் கடிதம் பார்த்ததும் பகீர்னு ஆச்சு. இத்தனை வருஷமா அந்த ஆஸ்பத்திரி வெப்சைட்டைக் கட்டிக் காத்தவனைப் பார்த்து, புது முறைக்கு மாத்து, இல்லன்னா கிளம்புன்னு சொல்றாங்களா? சொல்லத்தான் செய்வாங்க. எங்க ஆபீஸ்லயும் நாலு பேரை அனுப்பியாச்சு. ராப்பகலாப் படிச்சுத்தான் நான் தப்பிச்சேன். வீம்பு பண்ணாம நீயும் படிடா.

உன் அக்கா

ஏப்ரல் 19

அன்புள்ள அக்கா,

ஏழு கழுதை வயசுல படிச்சுட்டேன். ஆம்புலன்ஸ் கூப்பிடுற பக்கத்தைத்தான் முதல்ல மாத்தினேன். இனி போன் எடுக்க ஆள் கிடையாதாம், அந்தப் பக்கத்துல பட்டனை அழுத்தினாத்தான் வண்டி. மேனேஜர் தட்டிக் கொடுத்தார். ஒரே ஒரு குழப்பம். ரொம்பப் பழைய போன்ல புதுசு திறக்காது. அதுக்காகவே பழைய பக்கத்தையும் விட்டு வச்சிருக்கேன். ரெண்டையும் பார்த்துக்கிறது இரட்டை வேலையா இருக்கு. பழசை எடுத்துடலாமா?

அப்பா பக்கத்துல உட்கார்ந்து, "பொழுதன்னைக்கும் அந்தப் பெட்டியில என்னடா தேடுறே?"ன்னு கிண்டல் பண்றார். உன்னைக் கேட்டதாச் சொல்லச் சொன்னார்.

தம்பி

மே 2

தம்பி,

தூக்கிப் போடு. அந்தக் காலத்துப் போனை இன்னும் யாருடா வச்சிருக்கா? எங்க டீம்ல இதையெல்லாம் கண்டுக்கிறதே இல்ல. உன் வேலை நிலைச்சதே, எனக்கு அது போதும்.

அக்கா

ஜூன் 30

அக்கா,

அப்பா காரியத்துக்கு நீ வந்து அழுதுட்டுப் போனப்ப எனக்கே இது தெரியாது. முந்தாநாள்தான் அப்பாவோட போனை சார்ஜ்ல போட்டேன். உன் முதல் சம்பளத்துல வாங்கி அனுப்பினியே, அதேதான். புதுசு வாங்கித் தரேன்னா, "என் பொண்ணு கொடுத்தது, இதுக்கு என்ன குறைச்சல்"னு சொல்லிடுவார்.

அன்னிக்கு மூச்சு முட்டினப்ப, வேலை நேரத்துல என்னைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு ஆம்புலன்ஸ் பக்கத்தைத் திறந்திருக்கார். திரும்பத் திரும்பத் திறந்திருக்கார், எல்லாம் போன்ல வரிசையா நிக்குது. நானும் திறந்து பார்த்தேன். வெறும் வெள்ளை. பட்டனும் இல்ல, ஒரு எழுத்தும் இல்ல.

ஊர்ல யார் யார்கிட்ட என்ன போன் இருக்கும்னு யோசிச்சவனுக்கு, வீட்டுல இருந்த போன் ஞாபகம் வரல. நீ யோசனைதான் சொன்னே, பழைய பக்கத்தை அழிச்சது நான். ஆனாலும் "யாருடா வச்சிருக்கா"ங்கிறது உன் குரல்லயே காதுல கேட்டுக்கிட்டு இருக்கு. என்னால தாங்க முடியல.

நேத்து பழைய பக்கத்தைத் திரும்பப் போட்டேன். அப்பா போன்ல பட்டன் பளிச்னு தெரிஞ்சுது. மேனேஜர் எடுக்கச் சொன்னார், மாட்டேன்னேன். வேலை போச்சு.

இன்னிக்குக் காலைல திறந்து பார்த்தேன். மறுபடியும் வெள்ளை.

இனி எனக்கு எழுதாதே.

தம்பி