எண்ணூறு நாள் நிறுத்தாத சர்வர்

இன்று ஆயுத பூஜை. காலையில் சர்வரின் பக்கத் தகட்டைக் கழற்றித் தூசி தட்டும்போது உள்ளேயிருந்து சந்தன வாசனை வந்தது. பிரமை என்று நினைத்து மறுபடி குனிந்து பார்த்தேன், வாசனை இருந்தது. விசிறிக்குப் பின்னால், விரல் போகாத ஒரு மூலையில், ஏழு வருஷத்துப் பழைய குங்குமம் கறுத்துப்போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. துடைக்கத் துணியை எடுத்தேன், அப்புறம் கீழே வைத்துவிட்டேன். புயலுக்குப் பிறகு உன்னிடம் சொல்லவேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. பத்து மாசமாக இழுத்தடித்துவிட்டேன்.

அந்தக் குங்குமம் 2005-இல் உள்ளே போனது, உனக்கு மறந்திருக்காது. நீயும் நானும் மஞ்சக்குப்பம் ரத்தப் பரிசோதனை லேபில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்ச், இங்கேயும் ஒரே மேஜை. ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினையும் நிறுத்திப் பொட்டு வைத்து ஓய்வு கொடுக்கவேண்டும் என்றார் நம் டாக்டர். நீ சர்வரை மட்டும் நிறுத்த மாட்டேன் என்று அடம் பிடித்தாய். "அது ஓடிக்கிட்டே இருக்கறதுதான் சார் அதுக்கு மரியாதை" என்றாய். கடைசியில் ஓடுகிற மெஷினுக்கே பொட்டு வைப்பதாக முடிவாயிற்று. டாக்டர் குழைத்த சந்தனத்தை முன்பக்கக் கம்பி வலையில் அப்பி, அதன்மேல் ஒரு கை குங்குமத்தைத் தூவினார். விசிறி மொத்தத்தையும் உள்ளே இழுத்துக்கொண்டது. இரண்டாம் நாள் மெஷின் சூடேறி நின்றுபோனது. நீ மூடியைத் திறந்தாய், உள்ளே ஒரே சிவப்பு. "ஐயையோ மச்சான், ஆளு மஞ்சத்தண்ணி ஆடிட்டு வந்திருக்கான்டா" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தாய். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

அந்த மெஷினில் லினக்ஸைப் போட்டதே நீதான். அதற்கு முன் வைரஸ் புகுந்து ஒரு வாரத்து ரிப்போர்ட் முழுக்கப் போயிருந்தது. ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியை எடுத்துக்கொண்டு டாக்டர் முன்னால் போய் நின்றாய். ஓசியில் கொடுக்கிறான் என்றால் அதில் ஏதோ கோளாறு இருக்கும் என்றார் அவர். "கோயில்ல பொங்கல் சும்மாத்தான் சார் தர்றாங்க. கோளாறுன்னு யாராவது வேணாம்ங்கறாங்களா?" என்றாய். டாக்டர் சிடியைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். மாடிப்படிக்குக் கீழே, செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில், பழைய பெட்டி ஒன்றில் அதை ஏற்றினாய். அதன் பிறகு வைரஸ் என்ற பேச்சே எழவில்லை.

சிதம்பரத்தில் கிளை திறந்தபோதுதான் அதன் அருமை எல்லோருக்கும் புரிந்தது. அங்கே எடுக்கிற ரத்தம் ஐஸ் பெட்டியில் பஸ் ஏறி இங்கே வரும். ரிப்போர்ட் இங்கிருந்து லைனில் போய் அங்கே பிரிண்ட் ஆகும். அங்கே கவுன்ட்டரில் ஸ்டெல்லா. லைன் ஒரு நிமிஷம் அறுந்தால் போதும், போன் வந்துவிடும். "சார், இங்க ஜனங்க நிக்கறாங்க சார், என்னைத்தான் திட்றாங்க!" நீ வாயில் டீயோடு கீபோர்டில் நாலு தட்டு தட்டுவாய். "இப்ப பாருங்க ஸ்டெல்லா" என்பாய். லைன் வந்திருக்கும்.

2009 ஆயுத பூஜைக்கு நீயே சர்வரை நிறுத்தித் தூசி தட்டி, உன் கையால் மறுபடி கிளப்பினாய். ஐப்பசி மழையில் லைன் கெட்டு, புது லைன் போட்டார்கள். சிதம்பரத்துக்கு எந்த வழியாகப் போகவேண்டும் என்று மெஷினுக்கு ஒரு வரி சொல்லவேண்டும். நீ அதை ஓடுகிற மெஷினில் அப்படியே தட்டிவிட்டாய், சிதம்பரம் லைன் வந்துவிட்டது. ஆனால் அந்த வரி மெஷினின் ஞாபகத்தில் மட்டும்தான் இருந்தது. நிறுத்தினால் மறந்துபோகும். எழும்போது மெஷின் படிக்கிற கோப்பில் எழுதி வைத்தால்தான் நிலைக்கும். ஸ்டெல்லாவிடமும் போனில் அதைச் சொல்லிச் சிரித்தாய்.

அன்று சாயங்காலம் நான் உன்னைப் பிடித்துக்கொண்டேன். "கரண்ட் போச்சுன்னா என்னடா பண்ணுவ? எழுதிட்டுப் போ."

"நாளைக்கு எழுதறேன் மச்சான். மழை வருது பாரு."

"நாளைக்கு நீ சிதம்பரம் போற. எப்ப பாரு நாளைக்கு நாளைக்குன்னு. ஒரு வரிதானேடா? உனக்கு அவ்ளோ சோம்பேறித்தனமா?"

கொஞ்சம் ஜாஸ்தியாகவே கத்திவிட்டேன். லேப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீ முகம் சுருங்கி, "சரிடா, எழுதறேன்" என்று ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாய்.

மறுநாள் ஒன்பதரை மணிக்குப் புதுச்சத்திரம் தாண்டி உன் வண்டி லாரிக்கு அடியில் கிடந்தது. எனக்குப் பத்தேகாலுக்குப் போன் வந்தது. எடுத்தேன், கேட்டேன், வைத்தேன். எதிரில் நின்ற ஒருவருக்கு ரிப்போர்ட்டைக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தேன். அழுகை வரவில்லை. உன்னை எடுத்துக்கொண்டு போனபோதும் வரவில்லை. அப்புறமும் வரவில்லை. காது அடைத்துக்கொண்டால் எல்லாச் சத்தமும் தூரத்தில் கேட்குமே, அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் வேலைக்கு வந்து பிரிண்டரில் சிக்கிய பேப்பரை உருவிக்கொண்டிருந்தேன்.

புதுப்பாளையத்தில் உன் வீட்டில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டார்கள். "ஏழரைக்கெல்லாம் கெளம்பிட்டானேப்பா. ஒன்பதரைக்கு அவன் சிதம்பரத்துல இருந்திருக்கணுமே. நடுவுல எங்கப்பா போனான்?"

"எங்கயாவது டீக்கு நின்னிருப்பான்மா" என்றேன்.

அந்த நிமிஷத்திலிருந்துதான் எனக்குப் பயம் பிடித்தது. கோப்பில் அந்த வரி இருந்தால், நீ காலையில் ஆபீஸுக்குப் போய், நான் கத்தியதற்காக அதை எழுதிவிட்டுத் தாமதமாகக் கிளம்பியிருக்கிறாய். நேராகப் போயிருந்தால் அந்த லாரி வரும்போது நீ சிதம்பரத்தில் ஸ்டெல்லாவோடு பேசிக்கொண்டிருப்பாய். வரி இல்லையென்றால் நீ எங்கேயோ டீக்குத்தான் நின்றாய். கோப்பைத் திறந்து பார்க்க அரை நிமிஷம் ஆகாது. நான் திறக்கவில்லை. ஆபீஸ் சாவி மாடியில் குடியிருக்கும் டாக்டரிடம்தான் இருக்கும், அவரையும் கேட்கவில்லை.

மெஷின் ஓடுகிறவரை எதுவும் தெரியவராது. வரி கோப்பில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சிதம்பரம் வந்துகொண்டுதான் இருக்கும். நிறுத்திக் கிளப்பினால் தெரிந்துவிடும். ஆகவே நான் நிறுத்தவேயில்லை. கரண்ட் கட் ஆகும் மணி நேரமெல்லாம் எனக்கு மனப்பாடம். யுபிஎஸ் பேட்டரியை இரண்டு தடவை மாற்றினேன். அடுத்த இரண்டு ஆயுத பூஜைக்கும் சர்வருக்குப் பக்கத்தில் யாரையும் விடவில்லை. புது சர்வர் வாங்கலாமா என்றார் டாக்டர். "ஓடறதை ஏன் சார் தொடணும்?" என்று நீ சொல்கிற மாதிரியே சொன்னேன். எத்தனை நாளாக ஓடுகிறது என்று அதையே கேட்டால் சொல்லும் அல்லவா? தினமும் காலையில் கேட்பேன். ஐந்நூறு, அறுநூறு என்று போய்க்கொண்டே இருந்தது.

"அவர் கையால ஆன் பண்ணதுன்னுதானே சார் நிறுத்தாம வெச்சிருக்கீங்க? எவ்ளோ பாசம் சார் உங்களுக்கு!" என்று ஸ்டெல்லா ஒருநாள் போனில் அழுதாள். ஆமாம் என்றேன். பாசமாவது மண்ணாவது! எல்லாம் பயம்தான். உன்னிடமாவது உண்மையைச் சொல்கிறேன்.

போன டிசம்பர் கடைசியில் தானே புயல் வந்தது. முந்தின ராத்திரியே கரண்டை நிறுத்திவிட்டார்கள். விடியற்காலையில் அடித்த காற்றில் எங்கள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் பறந்துபோய் எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை. காற்று அடங்கியதும் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து நடந்தேன். வழி முழுக்க மரம், கம்பம், ஒயர். ஏறி இறங்கி, குனிந்து நுழைந்து, வேட்டியெல்லாம் கிழிந்து லேபுக்கு வந்து சேர்ந்தேன். வீட்டிலிருந்து கிளம்பும்போதே பெண்டாட்டி திட்டிக்கொண்டு கதவு வரை வந்திருந்தாள். "வீட்டுக்கு மேல கூரையில்ல, இவருக்கு ஆபீஸு!" அவள் கேட்டது நியாயம்தான்.

டாக்டர் லுங்கியோடு ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றிருந்தார். "டீசல் அவ்ளோதான்பா. ராத்திரியெல்லாம் ஓடிச்சு. பங்க்கெல்லாம் மூடிக் கெடக்கு, பண்ருட்டிப் பக்கம் ரோடே இல்லையாம். கரண்டு வர பத்து நாளாவது ஆவும். எல்லாத்தையும் ஒழுங்கா நிறுத்திடு."

அவர் சொல்லி முடிப்பதற்குள் ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமி அடங்கியது. யுபிஎஸ் கத்த ஆரம்பித்தது. அரை மணி நேரம் தாங்கும்.

படிக்குக் கீழே போய் உட்கார்ந்தேன். தரையில் கணுக்கால் அளவு தண்ணீர், மெஷினும் யுபிஎஸ்ஸும் ஸ்டூல்மேல் இருந்ததால் தப்பியிருந்தன. எத்தனை நாள் என்று கேட்டேன். எண்ணூற்று இருபத்துச் சொச்சம் என்றது. இனித் தப்பிக்க வழியில்லை. அந்த வரி கோப்பில் இல்லையென்றால் நான்தான் எழுதவேண்டும், இல்லாவிட்டால் சிதம்பரத்தில் ஜனங்கள் நிற்பார்கள். யுபிஎஸ் கத்திக்கொண்டே இருந்தது. கோப்பைத் திறந்தேன்.

வரி இருந்தது.

கடைசி வரியாக, தப்பில்லாமல் எழுதியிருந்தாய். கோப்பைக் கடைசியாகத் தொட்ட நேரத்தைப் பார்த்தேன். நீ போன அன்று காலை எட்டு இருபத்தைந்து.

டாக்டர் பின்னால் வந்து நின்றார். "சார், அன்னிக்குக் காலைல அவன் இங்க வந்தானா?" என்று திரும்பாமலே கேட்டேன். இரண்டு வருஷமாகக் கேட்காத கேள்வி.

"யாரு? ஆமாப்பா. நனைஞ்சுகிட்டே வந்து சாவி வாங்கினானே. மழை விட்டதும் போடான்னேன். ஒரே ஒரு வரி சார், எழுதலேன்னா அவன் என்னைக் கொன்னுடுவான்னு சிரிச்சுகிட்டே போனான். உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்?"

அவன் என்னைக் கொன்றுவிடுவான் என்று சொல்லியிருக்கிறாய். விளையாட்டாகத்தான். எனக்குத் தெரியும். நீ அப்படித்தான் பேசுவாய்.

நான் முறைப்படி கட்டளையைத் தட்டினேன். சர்வர் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்து நின்றது. விசிறி நின்றதும்தான் அது இவ்வளவு நாள் போட்ட சத்தமே தெரிந்தது. அப்போதும் அழுகை வரவில்லை. தண்ணீரில் நின்று பெட்டியைத் தூக்கி மேல்படியில் வைத்தேன்.

பதினொரு நாள் கழித்துக் கரண்ட் வந்தது. பொத்தானை அமுக்கினேன். நான் வேறு எதையும் தொடவில்லை. மெஷின் எழுந்து, உன் வரியைப் படித்து, தானாகவே சிதம்பரத்தைப் பிடித்தது. ஐந்தாவது நிமிஷம் போன். "சார், லைன் வந்திடுச்சு சார்! அந்த வரியை எழுதி வெச்சுட்டீங்களா?"

"நான் எழுதல ஸ்டெல்லா. அவன் எழுதிட்டுத்தான் போயிருக்கான்."

அவள் பக்கத்தில் பிரிண்டர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

அன்று சாயங்காலமே புதுப்பாளையம் போனேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். நின்றபடியே சொன்னேன். "அன்னிக்கு அவன் டீக்கு நிக்கலம்மா. ஆபீஸுக்கு வந்திருக்கான். நான் ஒரு வேலை சொல்லித் திட்டியிருந்தேன். அதை முடிச்சிட்டுப் போனதுலதான் லேட்டு."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் நினைத்தேன்.

"முடிச்சானா?"

"முடிச்சிட்டாம்மா. சரியா எழுதியிருந்தான்."

மறுபடி ஒரு கீரைத் தண்டைக் கிள்ளினார்கள். "சின்னதுல வீட்டுப் பாடமே எழுத மாட்டான்" என்றார்கள். பிறகு "உக்காருப்பா, நின்னுகிட்டே இருக்க" என்றார்கள். உட்கார்ந்தேன். அவர்கள் தட்டிலிருந்து ஒரு கட்டு கீரையை எடுத்து நானும் ஆய ஆரம்பித்தேன். அப்போதுதான்டா வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அம்மா தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தார்கள்.

அதற்கப்புறம் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். காது இன்னும் அடைத்தேதான் இருக்கிறது. எத்தனை நாளாக ஓடுகிறது என்று இப்போதெல்லாம் மெஷினைக் கேட்பதில்லை. இன்று பூஜைக்கு நானே நிறுத்தினேன், துடைத்தேன், பக்கத் தகட்டில், விசிறிக்கு எட்டாத இடமாகப் பார்த்துப் பொட்டு வைத்தேன். பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள். ஸ்டெல்லா சிதம்பரத்திலிருந்து பூஜைக்கு வந்திருந்தாள்.

நாலு மணிக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பஸ்ஸுக்குப் பையைத் தூக்கியவள் வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள். "ஐயோ சார், நாளைக்கு வர்றவங்களுக்குக் குடுக்கற டோக்கன் ஃபைல் ஒண்ணு பாக்கி. அஞ்சே நிமிஷம், முடிச்சிட்டுப் போயிடறேன்."

அவசரமான வேலைதான். நாளைக் காலை சிதம்பரத்தில் அது வேண்டும். நான் எழுந்துபோய் அவள் உட்காரவிருந்த நாற்காலியை மேஜைக்கு அடியில் தள்ளினேன்.

"நாளைக்குப் பாத்துக்கலாம் ஸ்டெல்லா. மழை வருது. நீங்க கெளம்புங்க."